மறுபடியும் வந்த பெயர்கள்

ஸ்லோவேனியக் கால்பந்துக் கோப்பையை வென்றவர்களின் பட்டியல் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். 1991 ஜூனில் அந்த நாடு யுகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்தது. அடுத்த ஆண்டே முதல் கோப்பை வழங்கப்பட்டது. அன்று தொட்டு ஆண்டுக்கு ஒரு பெயர். அதில் 1995க்கு நேரே முரா என்றிருக்கும். 2020க்கு நேரேயும் முரா. ஊர் அதே முர்ஸ்கா சோபோதா, மைதானம் அதே ஃபஸானேரியா, சட்டையும் அதே கறுப்பு வெள்ளை. கிளப் மட்டும் வேறு. 1995இல் வென்ற கிளப் கடனில் மூழ்கி 2005இல் கலைந்துபோனது. அதன் இடத்தில் எழுந்த இன்னொன்று 2013இல் மூடப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கிய மூன்றாவது கிளப்தான் 2020இல் கோப்பையைத் தூக்கியது. கால்பந்துச் சங்கத்தின் ஏட்டில் இவை தனித்தனி. ஃபஸானேரியாவில் உட்கார்ந்து கத்துகிறவர்களுக்கு எல்லாம் ஒன்றே.

இந்தப் போட்டியின் மீது எனக்குள்ள பிரியம் இங்கிருந்துதான் கிளம்புகிறது. ஐரோப்பாவின் பெரிய கோப்பைகளில் நூறு வருடக் கிளப்புகள் பழைய பெருமையோடு மோதிக்கொள்ளும். இங்கே கிளப்புகள் சாகும், திரும்பப் பிறக்கும். நடுவில் அறுந்துபோன நூலை ஊர்க்காரர்களே முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். அந்த முடிச்சு இறுகிவிட்டது என்பதற்குக் கோப்பையை விடப் பெரிய சாட்சி கிடையாது. லீக்கில் இடம்பிடிக்கப் பணமும் பொறுமையும் பல வருடங்களுக்கு வேண்டும். கோப்பைக்கு ஒரு வசந்தகாலம் நன்றாக ஆடினால் போதும்.

நாட்டின் மக்கள்தொகை சுமார் 21 லட்சம். அதற்குள் ஒன்பது வட்டாரக் கால்பந்துச் சங்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கோப்பைப் போட்டி நடத்துகிறது. அதில் முன்னேறும் சிற்றூர் அணிகள் தேசியக் கோப்பைக்குள் நுழைகின்றன. பகலில் தச்சுப் பட்டறையிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்ப்பவர்கள், ஐரோப்பியப் போட்டிகளில் ஆடித் திரும்பியவர்களை எதிர்த்துத் தங்கள் ஊர்ப் புல்லில் ஓடும் வாய்ப்பு அப்படித்தான் வருகிறது. ஆரம்ப காலத்தில் இறுதிப்போட்டியைப் பல ஆண்டுகள் இரு ஊர்களிலும் ஒவ்வோர் ஆட்டமாக நடத்தினார்கள். இப்போது ஒரே ஆட்டம். இந்த மாற்றம் நல்லது என்பேன். இரண்டு ஆட்டம் வைத்தால் கணக்குப் போட்டு ஆடுவார்கள்; ஒரே ஆட்டத்தில் கணக்குக்கு இடமில்லை.

பட்டியலில் உள்ள பெயர்களைச் சற்று நின்று படித்தால் நாட்டின் தொழில் வரைபடமே தெரியும். ருடார் வெலெனியே 1998இல் வென்ற அணி. சுரங்கத் தொழிலாளி என்ற பெயரைத் தாங்கியது. வெலெனியே பழுப்பு நிலக்கரி தோண்டும் ஊர். இரண்டாம் உலகப்போருக்குப் பின் சுரங்கத்துக்காகவே பெருக்கிக் கட்டப்பட்ட நகரம். நிலத்தடியில் கரியை எடுக்க எடுக்க மேலே தரை உள்வாங்கியது. பள்ளத்தில் நீர் நிரம்பி ஏரிகள் உண்டாயின. ருடாரின் மைதானத்துக்குப் பெயரே ஏரிக்கரை மைதானம். பந்து உருளும் புல்லுக்குப் பக்கத்திலேயே, அந்த ஊர் தன் உழைப்பால் தோண்டிய பள்ளம் தண்ணீராகக் கிடக்கிறது. அவர்கள் இறுதியில் வீழ்த்திய பிரிமோர்யே, மேற்கே போரா காற்று கூரையைப் பெயர்க்கும் அய்டோவ்ஷ்சினா ஊரின் அணி. அந்த வெற்றி ருடாரை ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர் கோப்பைக்கு அழைத்துப் போனது. 1998–99, அந்தப் போட்டி நடந்த கடைசி சீசன்.

கித்ரிச்சேவோவில் அலுமினிய ஆலை. கிளப்பின் பெயரும் அலுமினிதான். 2002இல் ஒருமுறை, 2018இல் ஒருமுறை இறுதி வரை வந்தது. இரண்டிலும் தோற்றது. கிழக்கு மூலையில் லெண்டவா, எண்ணெய்க் கிணறுகளின் ஊர். அதன் கிளப் நாஃப்தா, பெயரிலேயே பெட்ரோலியம். 1903இல் தொடங்கியபோது அந்த மண் ஹங்கேரிக்குள் இருந்தது. இன்றும் லெண்டவாவில் ஹங்கேரிய மொழி தெருவில் கேட்கும். ஆலை என்றும் எண்ணெய் என்றும் பெயர் வைத்துக்கொண்ட கிளப்புகள் உலகில் எங்கும் உண்டு. ஆனால் அவை இவ்வளவு அடிக்கடி ஒரு தேசிய இறுதிப்போட்டியின் வாசல் வரை வருவது அபூர்வம்.

2020 இறுதிப்போட்டிக்கு மறுபடி வருகிறேன். முராவை எதிர்த்து நின்றது இதே நாஃப்தா. முரா ஆற்றுக்கு அப்பால் இருக்கும் பிரேக்முர்யே சமவெளி, நாட்டின் மற்றப் பகுதிகளிலிருந்து ஆற்றாலும் வரலாற்றாலும் தள்ளியே இருந்த வட்டாரம். முர்ஸ்கா சோபோதாவும் லெண்டவாவும் அங்கே பக்கத்துப் பக்கத்து ஊர்கள். நாஃப்தா அப்போது இரண்டாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தது. நாட்டின் இரு பெரும் நகரங்களான லியுப்லியானாவையும் மரிபோரையும் வீட்டில் உட்காரவைத்துவிட்டு, சோளமும் பூசணியும் விளையும் சமவெளியின் இரு ஊர்கள் தேசியக் கோப்பைக்கு மோதின. ஆட்டம் நடந்ததோ நாட்டின் மறுகோடியில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், கிரான் நகருக்கருகே பிர்தோ என்னும் இடத்தில் உள்ள தேசியக் கால்பந்து மையத்தில். முரா 2–0 என்று வென்றது.

அந்த இரண்டு கோலை வெறும் கோலாக எண்ண எனக்கு மனம் வருவதில்லை. முர்ஸ்கா சோபோதாவின் பெருமை ஒருகாலத்தில் முரா என்ற அதே பெயர் கொண்ட ஆடை ஆலை. ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே தையல் இயந்திரத்தின் முன் வாழ்நாளைக் கழித்தார்கள். 2009இல் அந்த ஆலை திவாலானது. ஆலையும் போய், பழைய கிளப்பும் போன ஊரில், அந்தப் பெயர் மறுபடி வெற்றியோடு சேர்த்து உச்சரிக்கப்பட்டது 2020 ஜூன் மாதத்தில்தான். அடுத்த ஆண்டு மரிபோரை அதன் சொந்த மைதானத்தில் கடைசி நாளில் வீழ்த்தி லீக் பட்டத்தையும் எடுத்தார்கள். 2021 நவம்பரில் இங்கிலாந்தின் டாட்டன்ஹாமை 2–1 என்று தோற்கடித்தார்கள். கூடுதலாகச் சேர்த்த நிமிடங்களில் அமடெய் மரோஷா பந்தை ஓட்டிப்போய் அடித்தார்; குறுக்கே சறுக்கி விழுந்த தடுப்பாட்டக்காரரின் மேல் பட்டு, பந்து எழும்பி வலைக்குள் விழுந்தது. பயிற்சியாளர் அன்டே ஷிமுன்ஜா அந்தக் குழுவை எப்படிக் கட்டினார் என்பதை அந்த ஓட்டத்திலேயே படிக்கலாம். தொண்ணூறு நிமிடம் முடிந்த பிறகும், சமன் போதும் என்று பின்னால் நிற்காமல், பெரிய அணியின் பாதிக்குள் ஒருவன் ஓடுகிறான்.

ஆட்டக்காரர்களில் ஒருவரை மட்டும் எடுத்துப் பேசவேண்டுமானால் யோசிப் இலிச்சிச்சைச் சொல்வேன். லியுப்லியானாவின் இன்டர்பிளாக் கிளப் 2008, 2009 என்று தொடர்ந்து இரண்டு கோப்பை வென்றது. இரண்டாவது வெற்றியின்போது அணியில் இருந்தவர் அவர். 2010இல் அந்த அணி முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. இருபத்திரண்டு வயது இலிச்சிச், புல்வெளிக் கால்பந்தையே விட்டுவிட்டு உள்ளரங்க ஃபுட்சாலுக்குப் போய்விடலாமா என்று யோசித்த காலம் அது. ஸ்லோவேனியாவின் பழைய நட்சத்திரம் ஸ்லாட்கோ ஸாஹோவிச் அப்போது மரிபோரின் விளையாட்டு இயக்குநர். அவர் இலிச்சிச்சை அழைத்துக்கொண்டார். அந்த ஆண்டுக் கோப்பையை வென்றிருந்ததால் மரிபோருக்கு ஐரோப்பா லீக்கின் தகுதிச் சுற்றில் இடம் இருந்தது. ஸ்காட்லாந்தின் ஹிபெர்னியனை இரண்டு ஆட்டத்திலும் வென்றார்கள். அடுத்து இத்தாலியின் பலெர்மோ. அங்கே 0–3 என்று தோற்று, இங்கே 3–2 என்று வென்று, மொத்தக் கணக்கில் வெளியேறினார்கள். ஆனால் பலெர்மோக்காரர்கள் பார்க்கவேண்டியதைப் பார்த்துவிட்டார்கள். இலிச்சிச்சையும் அவருடைய சக ஆட்டக்காரர் அர்மின் பச்சினோவிச்சையும் உடனே வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு சிறிய நாட்டின் கோப்பை என்ன செய்யக்கூடும் என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

அவருடைய இடது காலைப் பற்றி ஒரு வார்த்தை. ஆள் நல்ல உயரம், வேகம் குறைவு. பந்து காலுக்கு வந்ததும் ஓடமாட்டார், நிறுத்துவார். எதிரே நிற்பவர் இவர் எந்தப் பக்கம் போவார் என்று காத்திருப்பார், இவரும் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பில்தான் கலை. எதிராளியின் எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறும் கணத்தில், இடது காலின் உட்புறத்தால் பந்தை ஒரு சாண் நகர்த்துவார், அவ்வளவுதான். அதற்குள் ஷாட்டுக்கு வழி திறந்திருக்கும். நல்ல நாகஸ்வரக்காரர் சமத்தில் வந்து இறங்காமல் ஒரு மயிரிழை தள்ளி நிறுத்தும்போது சபை மூச்சைப் பிடித்துக்கொள்ளுமே, அந்தச் சுகம். 2020 மார்ச்சில் வலென்சியாவுக்கு எதிராக அட்டலான்டாவுக்காக ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் அடித்தவரை உலகம் வியந்தது. அந்தத் தாமதத்தை அவர் பழகியது ஸ்லோவேனியாவின் சிறு மைதானங்களில்.

மரிபோரைப் பற்றிச் சொல்லாமல் கோப்பையைப் பேசமுடியாது. முதல் கோப்பையே அவர்களுடையது. 1992இல் ஒலிம்பியாவைப் பெனால்டியில் வென்றார்கள். ஊதா நிறம், லியுட்ஸ்கி வர்ட் மைதானம். அதன் பழைய பார்வையாளர் மாடத்துக்கு மேலே சுமார் 130 மீட்டர் நீளத்துக்கு ஒரு கான்கிரீட் வில் ஒரே வீச்சாக எழுந்து இறங்குகிறது. அறுபதுகளில் கட்டியது, பிறகு மைதானத்தை எத்தனை முறை புதுப்பித்தபோதும் அதை இடிக்கவில்லை. போர்ட்டோ அலெக்ரேவில் பிறந்த பிரேசில்காரர் மார்கோஸ் தவாரெஸ் 2008இல் இங்கு வந்து 2022 வரை இருந்தார். கேப்டனாகி, லீக்கில் யாரும் அடிக்காத அளவு கோல் அடித்து, ஊர்க்காரராகவே ஆகிவிட்டார். நான்கு கோப்பை வென்ற அணிகளில் அவர் இருந்தார். ஸ்டிரைக்கர்களில் தனக்காக ஆடுகிறவர்கள் அதிகம். தவாரெஸ் முதுகைக் காட்டிப் பந்தை வாங்கி, பின்னால் வருகிறவனுக்கு வழி பண்ணிக் கொடுப்பவர். அந்தக் குணத்துக்காகவே அவரைப் பார்க்கலாம்.

ஒலிம்பியாவின் கதை இன்னும் நீளம். யுகோஸ்லாவியக் காலத்திலேயே, 1970இல், மார்ஷல் டிட்டோ கோப்பையின் இறுதிக்கு வந்து பெல்கிரேடின் ரெட் ஸ்டாரிடம் தோற்றார்கள். அதன் பயனாக ஐரோப்பாவுக்குப் போய், லியுப்லியானாவில் பென்ஃபிகாவை 1–1 என்று நிறுத்தினார்கள். லிஸ்பனில் 8–1 என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அன்று அவர்களின் வீடு, கட்டடக் கலைஞர் யோஜே பிளெச்னிக் வரைந்த பெஜிகிராட் மைதானம். 2008இல் அதைப் பூட்டினார்கள்; தூண்களுக்கு இடையே செடி முளைத்துக் கிடக்கிறது. எனக்கு அது ஆறாத வருத்தம். பழைய ஒலிம்பியாவும் கடனில் கலைந்தது. 2005இல் வேறு பெயரில் ஒரு கிளப் தொடங்கி, ஐந்தாம் டிவிஷனிலிருந்து ஏறி வந்து, ஒலிம்பியா என்ற பெயரை மீட்டது. பழையது நான்கு கோப்பை வென்றது. புதியது 2018 முதல் 2023க்குள் நான்கு. கணக்கை எட்டு என்று கூட்டலாமா என்று ஸ்லோவேனியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். கூட்டவேண்டும் என்பது என் கட்சி. பச்சைச் சட்டை போட்டு டிரம் அடித்தவர்கள் இரண்டு காலத்திலும் அதே ஆட்கள்தானே.

மற்றவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். 2011இல் லீக் சாம்பியன் மரிபோரை டோம்ஜாலே 4–3 என்று வென்ற இறுதிப்போட்டி, ஏழு கோலுக்காக மட்டுமின்றி, சிறிய அணி பின்வாங்கி நிற்காமல் பதிலுக்குப் பதில் அடித்ததற்காகவும் போற்றத்தக்கது. இத்தாலிய எல்லையில் நிற்கும் நோவா கோரிட்சாவின் கிளப், பார்மாவிலிருந்து கடன் வாங்கிய இத்தாலிய ஆட்டக்காரர்களையும் லுயீஜி அப்பொல்லோனி என்ற இத்தாலியப் பயிற்சியாளரையும் வைத்து 2014இல் வென்றது. கடற்கரைத் துறைமுகமான கோபெர் 2015இல் வென்றது. 2017இல் உரிமம் கிடைக்காமல் அடிமட்ட லீக்கிலிருந்து தொடங்கியது. 2022இல் மறுபடி வென்றது.

2024இல் வென்றது ரோகாஷ்கா. கனிம நீருக்கும் படிகக் கண்ணாடிக்கும் பேர்போன ரோகாஷ்கா ஸ்லாட்டினா என்ற சிற்றூரின் அணி. முதல் டிவிஷனில் அதுவே அவர்களுக்கு முதல் ஆண்டு. இறுதியில் கோரிட்சாவை வீழ்த்தினார்கள். கோப்பை கைக்கு வந்த அதே பருவத்தில், அடுத்த ஆண்டுக்கான உரிமம் மறுக்கப்பட்டது. ஐரோப்பாவில் ஆடவேண்டிய அணி ஆட இடமில்லாமல் போனது. கோப்பை வாழ்வைத் தராது என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் வேண்டாம். ஆனாலும் பட்டியலில் 2024க்கு நேரே ரோகாஷ்கா என்றுதான் இருக்கிறது.

சாகாமல் இருந்தும் தோற்றுக்கொண்டே இருந்தது செல்யே. இடைக்காலத்தில் அந்த நகரை ஆண்ட பிரபுக்களின் மூன்று பொன் நட்சத்திரங்கள்தாம் இன்றைய ஸ்லோவேனியச் சின்னத்திலும் இருக்கின்றன; கிளப்பின் செல்லப்பெயரும் பிரபுக்கள்தான். 2005இல் பப்ளிகும் என்ற பெயரில் கோப்பையை வென்றார்கள். அதன்பின் 2012, 2013, 2015, 2016 என்று ஐந்து ஆண்டுக்குள் நான்கு இறுதிப்போட்டி. நான்கிலும் தோல்வி, அதில் இரண்டு பெனால்டியில். 2021இலும் இறுதியில் ஒலிம்பியாவிடம் தோற்றார்கள். இத்தனைக்கும் பிறகு ஓர் ஊர் மறுபடி மைதானத்துக்கு வருகிறதே, அதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்க எனக்கு முடியாது. தோற்கும்போதும் அந்த அணி அழகாகப் பந்தைப் பகிர்ந்தது. 2025 வசந்தத்தில் பயிற்சியாளர் அல்பெர்ட் ரியேராவின் கீழ் கான்ஃபரன்ஸ் லீக்கின் காலிறுதி வரை போய் ஃபியோரென்டினாவிடம் ஒரே கோல் வித்தியாசத்தில் விழுந்தார்கள். அந்த மே மாதம், இருபது ஆண்டுக்குப் பிறகு, கோபெரை வென்று கோப்பையை எடுத்தார்கள். பட்டியலில் செல்யே என்ற பெயர் இடம்பெற்றது அதுவே முதல்முறை.