சாஸ்திரி யாரைத் துரத்தினார்?

திருடனைப் பிடிப்பதையே பிறவிப்பயனாக நினைக்கும் போலீஸ்காரர் உலகக் கதைகளில் ஒரு நிரந்தரப் பாத்திரம். மொரீஸ் லெப்லாங் 1905-ல் படைத்த ஆர்சன் லூப்பினைத் துரத்த ஒரு கனிமார். ஜப்பானில் 1967-ல் தொடங்கிய 'லூப்பின் 3' காமிக்ஸில் ஒரு செனிகட்டா. பாவம், இரண்டு பேருக்கும் ஒரே சாபம்தான். திருடன் நிரந்தரமாக உள்ளே போய்விட்டால் தொடரே முடிந்துவிடும். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், வெளியே வர வழியே இல்லாத லூப். அதனால்தான் இவர்கள் போகப்போக காமெடி ஆகிவிடுகிறார்கள்.

நம்ம ஊரில் இந்த வகைக்கு யார் என்று தேடினால், எனக்குத் தோன்றுவது கல்கியின் 'கள்வனின் காதலி'யில் வரும் சப்-இன்ஸ்பெக்டர் சர்வோத்தம சாஸ்திரி. 1937-ல் ஆனந்த விகடனில் தொடராக வந்த நாவல். 1955-ல் சிவாஜி, பானுமதி நடித்துப் படமாகவும் வந்தது. எல்லோரும் முத்தையன், கல்யாணி காதலைத்தான் பேசுகிறார்கள். சாஸ்திரியை யாரும் கண்டுகொள்வதில்லை.

முதலில் ஒன்று: முத்தையன் லூப்பின் மாதிரி கில்லாடி இல்லை. அவனைக் காப்பாற்றுவது மூளை அல்ல, கொள்ளிடக்கரைக் காடு. அந்தக் காலத்தில் தப்பிப்பதற்கு இடமே பாதி உதவி. நான் இருக்கும் புதுக்கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1948 வரை தனி சமஸ்தானம், தனி போலீஸ். எல்லைக்கு அந்தப் பக்கம் திருச்சி, தஞ்சாவூர் என்று பிரிட்டிஷ் ஜில்லாக்கள். ஒரு ஜில்லாவில் திருடிவிட்டு இங்கே வந்தவனை அந்த ஊர் போலீஸ் நேராக வந்து அள்ளிக்கொண்டு போக முடியாது. முறைப்படி எழுதிக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஆகவே 'பிடிபடாத கள்ளன்' என்றாலே மகா புத்திசாலி என்று அர்த்தம் இல்லை.

அப்படியானால் முத்தையன் எப்படித் திருடன் ஆனான்? அவன் தங்கை அபிராமியிடம் மடத்துக் கார்வார் சங்குப்பிள்ளை தவறாக நடக்கிறான். முத்தையன் அவனை உதைக்கிறான். பதிலுக்கு சங்குப்பிள்ளை பொய்த் திருட்டுக் கேஸ் கொடுக்கிறான். தங்கை தனியாக இருக்கிறாளே என்ற தவிப்பில் முத்தையன் லாக்கப்பிலிருந்து தப்புகிறான். அதற்குப் பிறகுதான் நிஜத் திருட்டு. அதாவது ஒரு பொய்ப் புகாரை அப்படியே ஏற்றுக்கொண்ட போலீஸ்தான் இந்தத் திருடனை உற்பத்தி செய்தது. சாஸ்திரி துரத்துவது தன் துறையின் தப்பை. லாக் ஃபைலில் மாதக்கணக்காக ஒரு பக்கைத் தேடிப் போய், கடைசியில் அது நம்ம டீமே போட்ட பேட்ச் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி.

கல்கி இதைக் கோஷமாகப் போடவில்லை. சாஸ்திரி வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைக்கிறார். அநாதையாக நிற்கும் அபிராமிக்கு இரங்கி அவள் சென்னையில் படிக்க வழி செய்வதும் அந்த வீடுதான். அண்ணனைத் துப்பாக்கியோடு தேடும் கையே தங்கைக்குச் சோறும் படிப்பும் தருகிறது. அந்த இரக்கம் நிஜம், கடமையும் நிஜம். ஆனால் இரண்டும் சேர்ந்தும் முத்தையனைக் காப்பாற்றவில்லை. இந்த நெருக்கடி கனிமாருக்கு வந்ததே கிடையாது.

முடிவில் திருடனைக் காட்டிக்கொடுப்பதும் துப்பறியும் திறமை அல்ல. பெண் வேஷத்தில் வந்த நண்பன் கமலபதியை நிஜப் பெண் என்று நம்பிய கல்யாணியின் ஒரு நிமிடக் கோபம். இதைத்தான் சிலர் நாவலின் பலவீனம் என்பார்கள். தற்செயலில் முடிகிறதாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொய்ப் புகாரில் ஆரம்பித்தது ஒரு தப்பான புரிதலில் முடிகிறது. நடுவில் சாஸ்திரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அதை மாற்ற முடியவில்லை.

1954-ல் வந்த 'மலைக்கள்ளன்' இந்திக்கும் தெலுங்குக்கும் போனது. கள்ளனே நல்லவன் என்ற கதை எங்கேயும் விலைபோகும். நல்லவரான போலீஸ்காரர் ஜெயித்தும் தோற்கிற கதையை விற்பது கஷ்டம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். இந்தத் தடவை காதலர்களை விட்டுவிட்டு சாஸ்திரியைப் பின்தொடர்ந்து படித்துப் பாருங்கள்.