தேர் மாறியது, பீடம் மாறவில்லை!

கடவுள் என்று பண்டை மக்கள் கைகூப்பியது கடவுளையல்ல, வேற்றுக் கோளிலிருந்து விண்கலமேறி வந்தவர்களைத்தான் என்று ஒரு நூல் சொன்னால், பகுத்தறிவு நாடும் இளைஞன் அதை ஆவலோடு கையிலெடுக்க மாட்டானா? 1968-இல் சுவிட்சர்லாந்துக்காரரான எரிக் ஃபான் டேனிக்கன் ஜெர்மன் மொழியில் எழுதி, ‘கடவுளரின் தேர்களா?’ என்னும் ஆங்கிலப் பெயரோடு உலகை வலம் வந்த நூல், அவ்வாறே ஒரு தலைமுறையைக் கவர்ந்தது. மறு ஆண்டே மனிதன் நிலவில் கால் வைத்தான். நாம் அங்கே போக முடியுமானால், பிறர் இங்கே ஏன் வந்திருக்கக் கூடாது? கேள்வி நியாயமானது. நூல் காட்டிய வழிதான் நியாயமற்றது.

பிரமிடு பெரிது, மனிதர் எப்படிக் கட்டினர் என்பது விளங்கவில்லை, ஆகவே விண்ணவர் கை அதில் இருந்திருக்க வேண்டும்! இதுதானே வாதம்? “மலையைப் படைத்தவன் யார்? உனக்குத் தெரியாதல்லவா? ஆகவே ஆண்டவன்!” என்னும் காலட்சேப மேடையின் வாதத்துக்கும் இதற்கும் என்ன வேற்றுமை? அறியாமையே அங்கும் சான்று, இங்கும் சான்று. பீடத்திலிருந்து கடவுளை இறக்கினார், பீடத்தை உடைத்தாரில்லை. விண்வெளி வீரனை அதில் ஏற்றி அமர்த்தினார்!

சான்றுகளையும் சற்றே உரசிப் பார்ப்போம். மெக்சிகோவின் பலெங்கேயில் மாயா மன்னன் பக்கலின் கல்லறை 1952-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் மூடுகல்லில் ராக்கெட்டை ஓட்டும் மனிதனைக் கண்டார் நூலாசிரியர். படத்தைப் பக்கவாட்டில் திருப்பினாலன்றோ ராக்கெட்! நேராக நிறுத்தினால் உலக மரம், உச்சியில் பறவை, அடியில் பாதாளம். அதே மரம் அதே ஊரின் மற்றொரு கோயிற் சிற்பத்திலும் இருக்கிறது. ஒன்றைப் பிரித்தெடுத்துக் காட்டினால் விந்தை. பக்கத்தில் இருப்பதோடு சேர்த்துப் பார்த்தால் வரலாறு.

டெல்லியின் துருப்பிடிக்காத இரும்புத் தூணும் விண்ணவர் கணக்கில் வைக்கப்பட்டது. 1974-இல் ஒரு நேர்காணலில் நூலாசிரியரே அதைக் கைவிட்டார். துரு முற்றாமல் காப்பது, இரும்பில் மிகுந்துள்ள பாஸ்பரசால் அதன்மேல் படிந்த மெல்லிய காப்புப் படலம் என்று கான்பூர் ஐ.ஐ.டி.யின் பாலசுப்பிரமணியம் பின்னர் விளக்கினார். அந்த இரும்பை உருக்கியவன் விண்ணவனல்லன். உலைக்களத்தில் வெந்த கொல்லன்!

இங்கேதான் நூலின் பெருங்குற்றம் வெளிப்படுகிறது. கிசாவில் பிரமிடு கட்டிய தொழிலாளரின் கல்லறைகள் 1990 முதல் வெளிப்பட்டன. அவர்களுக்கு ரொட்டி சுட்ட அடுக்களைகளும் அகழ்ந்தெடுக்கப்பட்டன. 2013-இல் செங்கடற்கரையில் கிடைத்த பாப்பிரசு ஏடுகளில், மெரெர் என்னும் மேற்பார்வையாளன் தன் ஆட்களோடு துராவிலிருந்து கிசாவுக்குப் படகில் சுண்ணாம்புக்கல் கொண்டுவந்த நாட்கணக்கு இருக்கிறது. ஏறத்தாழ 4,500 ஆண்டுக்கு முந்திய வேலைக் குறிப்பு அது!

இந்த ஏடுகள் 1968-இல் கிடைத்திருக்கவில்லை, உண்மை. ஆனால் ஈஸ்டர் தீவில், 1955–56-இல் ஹெயர்டால் குழு கேட்டுக்கொண்டபோது, தீவு மக்களே மரக்கழிகளும் கற்களும் கொண்டு பெருஞ்சிலை ஒன்றை நிமிர்த்திக் காட்டினரே! அதன் பிறகும் அத்தீவில் விண்ணவரைத் தேடுவானேன்?

எகிப்தியனுக்கும் மாயனுக்கும் தீவுவாசிக்கும் வானத்திலிருந்து ஆசான் தேவை. ஐரோப்பாவின் வானளாவும் மாதாகோயில்களுக்கு மட்டும் கொத்தனே போதும்! இதுவா ஆராய்ச்சி?

இளைஞர்களே, வியப்பை விட்டுவிட வேண்டாம். அறிவின் வாயில் அது. ஆனால் வியப்பூட்டும் நூல் எதுவாயினும் இதைக் கேளுங்கள்: கல் சுமந்தவனை, இரும்பு உருக்கியவனை இது காட்டுகிறதா, மறைக்கிறதா? மறைக்கிறதென்றால், அட்டையில் கடவுள் இருந்தாலென்ன, விண்கலம் இருந்தாலென்ன? இரண்டும் புராணமே!