ஒட்டுப்போட்ட ஓக் சுவர்

எசெக்ஸில் உள்ள கிரீன்ஸ்டெட் கிராமத்து ஆங்கிலிக்கன் தேவாலயத்தின் அழகே அதன் ஒட்டுவேலைதான். ஓக் மரங்களை நெடுக்கில் பிளந்து, உருண்ட பக்கம் வெளியே தெரிய வரிசையாக நிறுத்திய சுவர்; தட்டையான உட்பக்கத்தில் வாய்ச்சி செதுக்கிய தழும்புகள் இன்றும் தெரிகின்றன. 9ஆம் நூற்றாண்டுச் சுவர் என்றே நெடுநாள் நம்பினார்கள். 1990களில் மரவளையங்களை ஆராய்ந்தபோது 11ஆம் நூற்றாண்டின் பிற்பாதியை ஒட்டியது என்று தெரிந்தது. (வயது குறைந்ததால் சுவருக்கு ஒரு நட்டமும் இல்லை.) 1848 வாக்கில் உளுத்த அடிப்பகுதியை அறுத்துவிட்டுச் செங்கல் அடித்தளம் கொடுத்தார்கள். அதனால் இது அசல் இல்லை என்பார்கள். அறுக்காமல் விட்டிருந்தால் உளுப்பு மேலேறி, வாதாட அசலே மிஞ்சியிருக்காது. டியூடர் காலத்தார் பீடப்பகுதியைச் செங்கலில் கட்டியபோதும் மரம்போல வேஷம் போடவில்லை. புழங்கும் கட்டடம் ஒட்டோடுதான் இருக்கும். இங்கே இன்றும் ஆராதனை நடக்கிறது.