ஒப்புதலும் அறிக்கையும்: 'ஹோமோலோகெயோ' என்னும் கிரேக்கச் சொல்லின் தமிழாக்கம் குறித்து

செய்த பாவத்தை ஏற்றுச் சொல்வதையும், கொண்ட விசுவாசத்தைப் பலர் அறியச் சொல்வதையும் புதிய ஏற்பாடு ஒரே கிரேக்க வினையால் குறிக்கின்றது. 'ஹோமோலோகெயோ' என்பது அவ்வினை. 1871ஆம் ஆண்டில் நிறைவுபெற்ற, சீர்திருத்தத் திருச்சபையினரிடையே இன்றும் வழங்கும் திருப்புதல், இதனைப் பெரும்பாலும் 'அறிக்கையிடு', 'அறிக்கைபண்ணு' எனப் பெயர்க்கின்றது. 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமோ இடத்திற்கேற்ப வெவ்வேறு வினைகளை ஆள்கின்றது. இவ்விரு நெறிகளில் எது மூலத்தின் கருத்தைக் காக்கின்றது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

'ஹோமோ' என்பது ஒன்றாதலையும், 'லோகோஸ்' என்பது சொல்லையும் குறிக்கும். இதனைக் கொண்டு, 'இறைவன் சொல்வதையே தானும் சொல்லுதல்' என்பதே இச்சொல்லின் பொருள் எனப் பிரசங்கங்களில் விளக்குவர். இவ்விளக்கம் கேட்க இனிதாயினும் போதுமானதன்று. சொல்லின் பொருளை அதன் பகுதிகளிலிருந்து மட்டும் பெறுதல் இயலாது. வழக்கே பொருளைத் தீர்மானிக்கும். மத்தேயு 14:7இல் ஏரோது ஆணையிட்டு வாக்களிப்பதற்கு இவ்வினையே ஆளப்பட்டுள்ளது. அப்போஸ்தலர் நடபடிகள் 24:14இல் பவுல், தேசாதிபதியின் முன் நின்று, தம்மீது சாட்டப்பட்டதில் ஒரு பகுதியை ஏற்றுக் கூறுவதற்கும் இதுவே வருகின்றது. இவற்றை ஒருசேர நோக்கின், ஒன்றிற்கு இசைந்து, அவ்விசைவைப் பிறர் கேட்கச் சொல்லி, சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படுதல் என்பதே இதன் மையப்பொருள் எனலாம்.

ஒரு சொல்லின் எதிர்ச்சொல் அதன் எல்லையைத் தெளிவாகக் காட்டும். மத்தேயு 10ஆம் அதிகாரத்தின் 32, 33ஆம் வசனங்களில் இவ்வினைக்கு எதிராக நிற்பது மறுதலித்தல். யோவான் 1:20இல் திருமுழுக்கு யோவானின் விடையைக் கூறுமிடத்தும் இவ்விரு வினைகளும் எதிரெதிராக வருகின்றன. ஆனால் 'அறிக்கை' என்னும் தமிழ்ச்சொல் 'அறி' என்பதன் அடியாகப் பிறந்தது. அதற்கு எதிர் மறைத்தலேயன்றி மறுத்தல் அன்று. பாவத்தை மறையாது சொல்லுதல் என்னும் கருத்து எபிரேய மரபில் உண்டு; 32ஆம் சங்கீதம் அதற்குச் சான்று. எனவே 'அறிக்கை' பிழையான தேர்வன்று. எனினும் 1 யோவான் 1:9இன் முன்னும் பின்னும், தம்மிடம் பாவமில்லை என்பாரின் கூற்றே மறுக்கப்படுகின்றது. அங்குப் பேசப்படுவது ஒளித்தலைவிட மறுத்தலே. ஆதலின் திருவிவிலியம் அவ்விடத்தில் கொண்ட 'ஒப்புக்கொள்' என்னும் வினை மூலத்திற்கு மிக அணுக்கமானது. 'ஒப்பு' என்னும் பகுதியும் கிரேக்கச் சொல்லின் முற்பகுதியோடு இயல்பாக இசைகின்றது.

ஆயின் மத்தேயு 10:32இல் அம்மொழிபெயர்ப்பு 'ஏற்றுக்கொள்' என்னும் வினையைக் கொள்வது நமக்கு நிறைவளிக்கவில்லை. ஏற்றுக்கொள்ளுதல் உள்ளத்தளவிலும் நிகழக்கூடும். யோவான் 12:42இல், தலைவர்களுள் பலர் இயேசுவை விசுவசித்தும், தொழுகைக்கூடத்திலிருந்து விலக்கப்படுவோம் என்றஞ்சி 'ஹோமோலோகெயோ' செய்யாதிருந்தனர் எனக் காண்கிறோம். உள்ளத்தின் ஏற்பு அவர்களிடம் இருந்தது; இல்லாதது வாயின் சொல்லே. இவ்வினையை 'ஏற்றுக்கொள்' எனக் கொள்ளின் இவ்வசனம் கூறும் வேறுபாடே மறைந்துவிடும். இங்கு 1871ஆம் ஆண்டுத் திருப்புதலின் 'அறிக்கைபண்ணு' என்பதே வலுவுடையது. உரோமையர் 10:9இல் திருவிவிலியமும் 'அறிக்கையிடு' என்பதைக் கைவிடாமை கருதத்தக்கது.

இதனோடு தொடர்புடைய 'எக்ஸோமோலோகெயோ' என்னும் வினைக்கு மற்றொரு பொருளும் உண்டு. எபிரேய மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்த்த எழுபதின்மர், புகழ்தல், ஒப்புக்கொள்ளுதல் ஆகிய இரண்டையும் சுட்டும் எபிரேய வினைக்கு இதனைப் பலவிடங்களில் ஆண்டனர். மத்தேயு 11:25இல் இயேசு தந்தையைப் போற்றுவதும் இச்சொல்லாலேயே. தமிழ்க் கத்தோலிக்கர் நெடுங்காலம் வழங்கிய 'பாவசங்கீர்த்தனம்' என்னும் தொடரில், புகழ்ந்து பாடுதலைக் குறிக்கும் 'சங்கீர்த்தனம்' அமைந்திருப்பது ஈண்டு நினைக்கத்தக்கது. இப்பொருத்தத்தை மிகைப்படுத்தல் கூடாதெனினும், பாவத்தைச் சொல்லுதலும் இறைவனைப் போற்றுதலும் ஒரு சொல்லில் இணைதல் தமிழுக்கும் அயலன்று என்பதை இது காட்டுகின்றது. இன்று அதனிடத்தில் வழங்கும் 'ஒப்புரவு' என்பது மீண்டும் உறவாதலைக் குறிப்பது. அது விளைவைச் சுட்டுகின்றதேயன்றி வாய்மொழியை அன்று.

இன்றைய வழக்கில் 'அறிக்கை' என்றவுடன் அலுவலகத்தின் ஆண்டறிக்கையும் அரசியலாரின் பத்திரிகை அறிக்கையும் மாணவர் நினைவிற்கு வருதல் இயல்பு. தகவல் தருவதோடு அவற்றின் கடமை முடிந்துவிடுகின்றது. சொல்பவர் தம்மையே அதில் பிணைத்துக்கொள்ள வேண்டுவதில்லை. ஆதலின் விவிலியப் பகுதிகளைக் கற்பிக்கும் ஆசிரியர், இச்சொல்லுக்கு ஒரே தமிழ் நிகரைத் தேடுவதைவிட, 'ஒப்புக்கொள்', 'அறிக்கையிடு' ஆகிய இரண்டையும் அருகருகே வைத்து விளக்குதல் நன்று. முன்னது இசைவைத் தரும். பின்னது அதற்கு அவையைத் தரும். இரண்டும் கூடிய இடத்திலேயே கிரேக்க மூலம் நிற்கின்றது.