18-க்கும் 21-க்கும் நடுவில்

முதல் ரோட் பைக் வாங்கப்போகிறவர் கடையில் ஒன்றே ஒன்றைக் கேட்டால் போதும்: பின்சக்கரத்தில் 18 பல்லுக்கும் 21 பல்லுக்கும் நடுவில் ஏதாவது இருக்கிறதா? எடை, அலுமினியச் சட்டம், கார்பன் முன்கவை, டிஸ்க் பிரேக் எல்லாம் விளம்பரத் தாளிலேயே இருக்கின்றன. ஷிமானோ கிளாரிஸ் கியர்த் தொகுதி பூட்டிய தொடக்கநிலைச் சைக்கிள்கள், சட்டத்தில் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும், ஏறத்தாழ ஒரே வார்ப்பு. முன்னால் 50, 34 என இரண்டு பற்சக்கரங்கள், பின்னால் எட்டு. பல வாரங்களாக ஜொகூரின் மேற்குக் கரையில் இதைத்தான் ஓட்டிவருகிறேன். எனக்குச் சொல்ல இருப்பது பெரும்பாலும் அந்த எட்டைப் பற்றித்தான்.

என் சைக்கிளோடு வந்த கேசட்டில், அதாவது பின்பற்சக்கர அடுக்கில், பற்கள் இப்படி: 11, 13, 15, 18, 21, 24, 28, 32. பொந்தியானிலிருந்து கூக்கூப் போகிற சாலைக்கு இதைக் கொண்டுபோனால் குறை உடனே தெரிந்துவிடும். அந்தச் சாலையில் மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. செம்பனை, கம்பத்து வீடுகள், மீண்டும் செம்பனை. இடையிடையே மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து காற்று. கால் ஓரளவு பழகி, ஒரு குழுவின் பின்னால் ஒட்டிக்கொண்டு போகிறவருக்கு இங்கே அமைகிற வேகம் மணிக்கு 28 முதல் 30 கிலோமீட்டர். நிமிடத்துக்கு 90 மிதி, 28 மில்லிமீட்டர் டயர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்னால் 50, பின்னால் 18 என்றால் வேகம் 32 கிலோமீட்டர். 21-க்கு இறங்கினால் 27 சொச்சம். நமக்கு வேண்டிய வேகம் அந்த இரண்டுக்கும் நடுவில் போய் விழுகிறது.

18-இல் தொடை கனக்கிறது. 21-இல் கால் சும்மா சுழல்கிறது, முன்னால் போகிறவரின் சக்கரம் விலகிப்போகிறது. காற்று கொஞ்சம் ஏறினால் 21, கொஞ்சம் ஓய்ந்தால் 18 என்று விரல் லீவரைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. முன்னால் சிறிய சக்கரத்துக்கு மாறிப் பின்னால் 13 போட்டால் 30 கிலோமீட்டர் கிடைக்கும்தான். ஆனால் செயின் குறுக்கே இழுபட்டுப் பெரிய சக்கரத்தின் உள்பக்கம் உரசும் சத்தத்தை எவ்வளவு தூரம் கேட்டுக்கொண்டு போவது? காலை மாற்றிக்கொள்ளலாம் என்பதும் உண்மை. 18-இலேயே மிதியை நிமிடத்துக்கு 80-ஆகக் குறைத்தால் 28 சொச்சம் வருகிறது. கியரே இல்லாத சைக்கிளில் ரப்பர்ப் பால் வாளிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு தோட்டத்துச் செம்மண் பாதையில் போன தலைமுறை நம்முடையது. அவர்களுக்கு மேடும் காற்றும் எல்லாம் ஒரே பல்தான். மெதுவான, கனமான மிதியை அரை மணி நேரம் தாங்கலாம். இரண்டு மணி நேரம் என்றால் முழங்கால் பேசத் தொடங்கிவிடும்.

இதைச் சொன்னதும், ஷிமானோவின் விலை கூடிய 105 தொகுதியைக் காட்டிக் குழுவில் ஒரே பதில்தான் வரும்: "கிளாரிஸ்தானா? 105-க்கு மாறிடுங்க அண்ணே." 2025 தொடக்கத்தில் ஜொகூரின் வார விடுமுறை சனி, ஞாயிறுக்குத் திரும்பியபின், பாலம் தாண்டிச் சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்களோடு சேர்ந்து ஓட்டுவது எளிதாகிவிட்டது. அவர்களில் பலரிடம் பின்னால் பன்னிரண்டு பற்சக்கரங்கள், பொத்தானைத் தொட்டால் மாறும் மின்கியர். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. 105-இன் 11–34 கேசட்டில் 17, 19, 21 என்று நெருக்கமாக வருகிறது. அந்த 19-தான் மணிக்கு 30 கிலோமீட்டர். ஆனால் ஒரு பல்லுக்காக ஆயிரக்கணக்கான வெள்ளியைச் செலவழிக்கச் சொல்லும் அறிவுரையைப் புதியவர்களுக்குத் தரக்கூடாது. அதுவும் எட்டின் அருமை தெரியாமல் தருவது எனக்குச் சினமூட்டுகிறது.

எட்டுக்கான செயின் 7 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான அகலம். பன்னிரண்டுக்கானது 5 சொச்சம். பற்சக்கரங்களுக்கு இடையிலும் அதே தாராளம். நம் சாலைகளுக்கு இந்தத் தாராளம் தேவை. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் தோட்டத்து மண்ணைத் தார்ச்சாலை வரை இழுத்து வருகின்றன. ஒரு மழை பெய்தால் அத்தனையும் செயினில் வந்து ஏறுகிறது. அந்தச் சேற்றோடும் கிளாரிஸ் தடுமாறாமல் பல் மாறுகிறது. கேபிள் கொஞ்சம் தளர்ந்தால், பின்னால் செயினை நகர்த்தும் டெரெய்லரில் கேபிள் நுழையும் இடத்திலுள்ள திருகைச் சாலையோரத்தில் நின்று விரலால் கால் சுற்றுத் திருப்பினால் சரியாகிவிடுகிறது. செயின் அறுந்தால் பெக்கான் நானாஸ் போன்ற சிறு ஊரிலும் எட்டுக்கான செயின் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். லீவரையும் சொல்லவேண்டும். பிரேக் லீவரையே உள்பக்கம் தள்ளிப் பல் மாற்றும் இந்த முறையை ஷிமானோ 1990-இல் தன் உச்சத் தொகுதியான துரா-ஏசில் கொண்டுவந்தது. இன்று அதன் விலை குறைந்த தொகுதியிலும் இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் டேங்கர் உறுமிக்கொண்டு வரும்போது கையைப் பிடியிலிருந்து எடுக்கவேண்டியதில்லை என்பது, புதிதாகச் சாலைக்கு வருகிறவருக்குச் சின்ன விஷயமே இல்லை.

இந்த நிறுவனத்தின்மேல் எனக்குப் பற்று உண்டு. 1921-இல் ஜப்பானின் சாக்காய் நகரில் தொடங்கியது, 1973-இல் சிங்கப்பூருக்கு வந்தது, பிறகு இதே பொந்தியான் மாவட்டத்திலும் தொழிற்சாலை வைத்தது. மலேசியாவில் செய்தது என்ற முத்திரையோடு அதன் பாகங்கள் உலகெங்கும் போகின்றன. நம் ஊர் முத்திரை பதித்த பொருளை மட்டமாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது.

சரி, எட்டில் என்னதான் கோளாறு? 1991 முதல் 1995 வரை மிகேல் இந்துராயின் ஐந்து முறை தொடர்ந்து டூர் டி பிரான்ஸை வென்ற காலத்தில் பந்தயச் சைக்கிள்களிலும் பின்னால் எட்டுப் பற்சக்கரங்கள்தான். ஆனால் அவர்கள் எட்டையும் நெருக்கி அடுக்கினார்கள். இன்று தொடக்கநிலைச் சைக்கிளில் அதே எட்டை 11 முதல் 32 வரை இழுத்து விரிக்கிறார்கள், மலை ஏறப்போகிறவரையும் மனத்தில் வைத்து. கூக்கூப் சாலையில் 32-ஐ நான் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. 28-ஐயும்தான்.

தீர்வு ஒரு சின்னப் பெட்டியில் வருகிறது. ஷிமானோவின் 12–25 எட்டுச்சக்கரக் கேசட்: 12, 13, 15, 17, 19, 21, 23, 25. இதைப் போட்டபிறகு பெரிய சக்கரத்தில், அதே 90 மிதிக்கு, ஏறத்தாழ 34, 30, 27 என்று மூன்று படிகள் வரிசையாகக் கிடைக்கின்றன. எதிர்காற்றில் ஒரு பல் இறங்கினால் கால் அதே தாளத்தில் போகிறது. தஞ்சோங் பியாய் வரை போய்த் திரும்புகிற பயணத்தில், கியரை நினைக்காமலே ஓட்டுவது எப்படி இருக்கும் என்று முதல்முறையாகத் தெரிந்தது. 105 தொகுதியின் விலையோடு பார்த்தால் இது சில்லறை. லீவர், டெரெய்லர், செயின் எதையும் மாற்றவேண்டாம். செயினைக் குறைக்கவும் வேண்டாம். இவ்வளவு எளிதான ஒன்றை விற்பனைக்கூடத்தில் யாரும் தாமாகச் சொல்வதில்லை. டயரிலும் இதே கதை: பழைய வழக்கப்படி 28 மில்லிமீட்டர் டயருக்கும் நூறு பிஎஸ்ஐக்கு மேல் காற்றடித்துக் கொடுக்கிறார்கள். நடுத்தர எடை உள்ளவருக்கு 70, 75 பிஎஸ்ஐ போதும். தார் பெயர்ந்த இடங்களில் மணிக்கட்டு நன்றி சொல்லும். கூடவே வரும் இருக்கையை முதல் மாதத்திலேயே மாற்றிவிடுங்கள்.

கோத்தா திங்கி, டெசாரு பக்கத்து ஏற்ற இறக்கங்களுக்கு முன்னால் 34, பின்னால் 25 தாராளம். கெந்திங், கேமரன் மலை என்று குழு கிளம்பினால் மட்டும் கதை வேறு. அதனால் பழைய 11–32 கேசட்டைத் தூக்கிப் போடாமல், எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வையுங்கள். கேசட்டைக் கழற்றும் சாவியும், அது சுழலாமல் பிடிக்கும் செயின் விப்பும் கையில் இருந்தால் வாசலில் உட்கார்ந்தே மாற்றிவிடலாம்.