அகிலத்திரட்டை எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது?

தத்துவம் படிக்க வேண்டும் என்ற ஆசை வந்து மூன்று வருடம் இருக்கும். எல்லாரும் சொன்ன வழியிலேயே போனேன். கீதைக்கு ஒரு உரை, உபநிடதங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம், ராதாகிருஷ்ணனின் இந்தியத் தத்துவ நூலில் முதல் நூறு பக்கம். அதற்கு மேல் வண்டி நகரவில்லை. புரியாததுகூடப் பிரச்சினை இல்லை. இந்தப் பேச்சு நடக்கிற கூடத்தில் எனக்கு உட்கார இடம் எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

இத்தனைக்கும் நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகிற வழியில் சாமித்தோப்பை எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன். உலகம் எப்படி உண்டானது, தீமை எங்கிருந்து வந்தது, அது எப்போது முடியும், அதுவரை மனுஷன் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாம் பேசுகிற ஒரு முழு வேதநூல் அங்கே வாசிக்கப்படுகிறது. அகிலத்திரட்டு அம்மானை. அதைத் தத்துவ நூல் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. ஆச்சி காலத்து ஏடு, அவ்வளவுதான். இப்போது ஒரு வருடமாக அதைப் படித்தும், கார்த்திகையில் ஏடு வாசிப்பில் உட்கார்ந்து கேட்டும் வருகிறேன். அதில் தோன்றியவை இவை. நான் அறிஞன் இல்லை, அய்யாவழிக்காரனும் இல்லை. ஆரம்ப வாசகன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அய்யா வைகுண்டர் 1809-ல் பிறந்தவர். வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். அந்தச் சாதிக்கு அந்தப் பெயர் ஆகாது என்று மேலே இருந்தவர்கள் ஆட்சேபித்ததால் முத்துக்குட்டி ஆனார். 1833 மாசியில் திருச்செந்தூர்க் கடலுக்குள் போனவர் வைகுண்டராகத் திரும்பி வந்தார் என்பது நம்பிக்கை. சுவாதித் திருநாள் காலத்துத் திருவிதாங்கூர் அரசு அவரைப் பிடித்துத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தது. 1851-ல் மறைந்தார். அவருடைய ஐந்து சீடர்களில் ஒருவரான அரிகோபாலன் சீடர் எழுதியது அகிலத்திரட்டு. அச்சுக்கு வந்தது 1939-ல்தான்.

எழுதிய ஆண்டு பற்றி ஒரு சின்னக் குறிப்பு. நூல் தரும் தேதி கொல்லம் 1016 கார்த்திகை 27. பல இடங்களில் இதை 1841 என்று போடுகிறார்கள். கொல்லம் 1016 தொடங்குவது 1840 ஆகஸ்டில். அப்படியானால் அந்தக் கார்த்திகை 1840-ல்தான் விழும். பெரிய விஷயம் இல்லை, ஆனால் ஒருவர் எழுதியதை அடுத்தவர் அப்படியே எடுத்தெழுதுகிற பழக்கத்துக்கு இது ஒரு சாட்சி.

அகிலத்தை அறிமுகம் செய்கிற எழுத்துகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, 'இது அத்வைதம்' என்று நிறுவும் உரைகள். இரண்டு, 'இது ஒடுக்கப்பட்டவர்களின் கலகக் குரல்' என்று நிறுவும் ஆய்வுகள். அடித்தள மக்களின் பார்வையிலிருந்து ஜி. பாட்ரிக் எழுதி 2003-ல் வெளிவந்த ஆய்வு நூல் இரண்டாவது வகையில் முக்கியமானது. இரண்டு தரப்பிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டையும் படித்துவிட்டு நேரே நூலுக்குள் போனால் ஒரு ஏமாற்றம் வரும். அத்வைத உரை படித்துவிட்டுப் போனவனுக்கு, வரிக் கொடுமையும் ஊழிய வேலையும் எதற்கு இத்தனை நீளமாக வருகிறது என்று தோன்றும். கலகம் தேடிப் போனவனுக்கு, குறோணியும் ஆறு துண்டும் எட்டு யுகமும் தாண்டிப் போக வேண்டிய புராணச் சுமையாகத் தோன்றும். முதல் தடவை எனக்கும் அப்படித்தான் ஆனது, பக்கங்களைத் தள்ளித் தள்ளிப் போனேன்.

அந்தச் சுமை என்று நினைத்த பகுதியில்தான் சரக்கு இருக்கிறது.

புராணங்களில் யுகம் நான்கு, சக்கரம்போலத் திரும்பத் திரும்ப வரும். அகிலத்தில் எட்டு. நீடிய யுகத்தில் தொடங்கிக் கலியுகம் ஏழாவது, அதற்குப் பிறகு தர்ம யுகம். முதல் யுகத்தில் குறோணி என்றொரு அசுரன் வருகிறான். அவன் செய்யும் குற்றம் ஒன்றே ஒன்றுதான், விழுங்குவது. கடல் தண்ணீரைக் குடித்தும் பசி அடங்காமல் உலகத்தையே விழுங்க வருகிறான். திருமால் அவனை ஆறு துண்டாக வெட்டுகிறார். அந்தத் துண்டுகள்தான் பின்னால் வருகிற யுகங்களில் ஒவ்வொன்றாகப் பிறக்கின்றன. இராவணன் ஒரு துண்டு, துரியோதனன் ஒரு துண்டு. கடைசித் துண்டு கலியன்.

தர்மம் தளரும்போதெல்லாம் அவதாரம் வரும் என்பது நமக்குப் பழகிய கணக்கு. இங்கே கணக்கு வேறு. ஒவ்வொரு யுகத்திலும் வருவது புதுத் தீமை இல்லை, ஒரே பசியின் பாக்கி. அது ஒரு நாள் தீரும், தீர்ந்தால் திரும்பி வராது. இதைப் பார்த்தவுடன் கிறிஸ்தவச் சாயல் என்று சொல்பவர்கள் உண்டு. ரிங்கல்தௌபே 1806-லேயே மயிலாடிக்கு வந்துவிட்டார். வைகுண்டரின் செல்வாக்கைத் தங்கள் வேலைக்கு இடைஞ்சல் என்று லண்டன் மிஷன் அறிக்கைகளே குறிப்பிட்டன. ஆகவே ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழாமல் இருந்திருக்காது. ஆனால் 'சாயல்' என்று சொல்லி முடித்துவிட்டால், தீமையின் முதல் வடிவம் ஏன் பசியாக இருக்கிறது என்ற கேள்வி அப்படியே கிடக்கும். விளைந்ததை எல்லாம் மேலே இருக்கிறவன் விழுங்குகிற நாட்டில் பட்டினி கிடந்தவர்கள் கேட்ட கதை இது. பதிகளில் இன்றும் வந்தவர் எல்லாருக்கும் அன்னம் கொடுப்பதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

கலியன் வருகிற பகுதி இன்னும் கூர்மை. அவன் வரம் கேட்டு வாங்குகிறான்: மந்திரம், தந்திரம், வித்தைகள் என்று நீண்ட பட்டியல். வாங்கிக்கொண்டு பூமிக்கு வரும் வழியில் திருமால் ஆயுதம் இல்லாத பண்டாரமாக வந்து மறிக்கிறார். கையில் ஆயுதம் இல்லாத பிச்சைக்காரனோடு நான் சண்டை போடுவதா என்று கலியன் கேட்கிறான். அந்த அகம்பாவத்திலேயே மாட்டிக்கொள்கிறான். பண்டாரத்தைத் தொந்தரவு செய்ய மாட்டேன், செய்தால் எல்லாவற்றையும் இழப்பேன் என்று சத்தியம் செய்து கொடுக்க வேண்டி வருகிறது. பின்னால் வைகுண்டர் பண்டார வேடத்தில் வந்து சிறைக்குப் போகும்போது கதைப்படி உடைவது அந்தச் சத்தியம். அரசன் செய்தது அநியாயம் என்று மட்டும் நூல் சொல்லவில்லை, ஒப்பந்தத்தை மீறினான் என்கிறது. அழுது முறையிடுகிறவன் பேச்சு அல்ல இது, வழக்குப் போடுகிறவன் பேச்சு.

அதே இடத்தில் இன்னொன்று நடக்கிறது. திருமாலின் சக்கராயுதம் பணமாக மாறிக் கலியன் கைக்குப் போகிறது. திருவிதாங்கூரில் அன்று புழங்கிய காசின் பெயரே சக்கரம். இந்தச் சிலேடை ஆசிரியர் நினைத்துச் செய்ததா என்பது இருக்கட்டும். ஊர்க்காரன் காதில் அது விழாமல் போயிருக்காது என்பது என் வாசிப்பு. காக்க வேண்டிய ஆயுதம் கலியன் கையில் காசாகிறது, அந்தக் காசைத்தான் பனைக்கும் தலைக்கும் வரியாகக் கேட்கிறார்கள். மாயை என்ற சொல்லுக்கு நான் படித்த விளக்கங்களிலேயே எனக்கு எளிதில் பிடிபட்டது இதுதான். கயிறு பாம்பாகத் தெரிகிற உதாரணம் என் மண்டைக்குள் ஏறவே இல்லை.

எல்லாம் சரி, எனக்கு உறுத்தியதையும் சொல்ல வேண்டும். சான்றோர் என்ற சொல். சங்க காலத்திலிருந்து அது குணத்தைக் குறிக்கும் சொல். இன்றைய உரைகள் பலவும் அகிலத்தில் வரும் சான்றோரை 'நல்லோர் எல்லாரும்' என்று பொதுவாக்கிவிடுகின்றன. நூலைத் திறந்தால் அவ்வளவு சுலபம் இல்லை. சப்த கன்னியர் பெற்ற பிள்ளைகள், பத்திரகாளி வளர்த்தவர்கள் என்று ஒரு குலத்தின் பிறப்புக் கதை அங்கே விரிவாக இருக்கிறது. அது நாடார் சமூகத்தின் வரலாற்று நினைவோடு பின்னிக் கிடக்கிற கதை, வில்லுப்பாட்டில் வெங்கலராசன் கதை கேட்டவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். ஒரு குலத்தின் பெருமையைச் சொல்கிற நூல் எப்படி எல்லாருக்கும் வேதமாகும்?

இந்த முரணை உரைகாரர்கள் மூடிவிடுவது நூலுக்கு நல்லது செய்வதாக எனக்குப் படவில்லை. அந்தக் குலக் கதையில் ஒரு இடம். அரசன் ஆற்றுக்கு அணைபோட மண் சுமக்கச் சொல்கிறான். கூடையைத் தொட மாட்டோம் என்று சான்றோர் பிள்ளைகள் மறுக்கிறார்கள். இரண்டு பேர் உயிர் போகிறது, அப்போதும் தொடவில்லை. இதைக் கேட்டுக்கொண்டிருந்த 1840-களின் ஆட்கள் யார்? கூலியில்லாமல் ஊழியச் சுமை தூக்கிக்கொண்டிருந்தவர்கள். பழைய கதையில் தொட மறுத்த கூடை அவர்கள் தலையில் இருந்தது. குலப்பெருமை என்று நான் சலித்துக்கொண்ட பகுதி அங்கே வேறு வேலை செய்கிறது. அந்த வேலையைப் பார்க்க வேண்டுமானால் 'சான்றோர்' என்பது முதலில் குறிப்பிட்ட சில மனுஷர்களாக இருந்தாக வேண்டும். பிறகு நூலே கதவைத் திறக்கிறது, எல்லாச் சாதியாரும் ஒரு கிணற்றில் நீர் எடுத்து ஒன்றாக இருந்து சாப்பிடுகிற இடத்துக்கு வருகிறது. சாமித்தோப்பில் முத்திரிக் கிணறு இன்றும் இருக்கிறது. ஆனால் குலக் கதைக்கும் கிணற்றுக்கும் நடுவே உள்ள இடைவெளியை நூல் முழுசாக அடைக்கவில்லை என்பதே என் கருத்து. அடைத்துவிட்டது என்று சொல்பவர்கள் நூலைவிட அதிகம் சொல்கிறார்கள்.

கண்ணாடி விஷயமும் இதே மாதிரிதான். பதியின் பள்ளியறையில் சிலை இல்லை, கண்ணாடி. உன்னில் இருப்பதே இறைவன், ஆகவே அத்வைதம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். 1927-ல் சேர்த்தலை அருகே களவங்கோடத்தில் நாராயண குரு கண்ணாடிப் பிரதிஷ்டை செய்தார். அவர் வேதாந்தம் கற்றவர், அதை நூலாகவும் எழுதியவர், அங்கே அந்த விளக்கம் பொருந்தும். சாமித்தோப்பில் வரிசையை மாற்றிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. பக்கத்துச் சுசீந்திரம் கோவிலுக்குள் இந்த மக்கள் சட்டப்படி நுழைய 1936 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு எத்தனையோ வருடம் முன்பே தலைப்பாகை கட்டிக்கொண்டு ஒரு கருவறை முன் நின்றவன் அங்கே தன் முகத்தையே பார்க்கிறான். 'நானே அது' என்ற வாக்கியம் அவனுக்குத் தேவைப்பட்டிருக்காது. பார்த்துவிட்டான். தத்துவம் பிறகு வரட்டும்.

கடைசியாக, ஆரம்ப வாசகனுக்கு உட்கார இடம் எங்கே என்ற என் பழைய கேள்வி. போன கார்த்திகையில் ஒரு நிழல்தாங்கலில் ஏடு கேட்கப் போயிருந்தேன். வாசித்த அண்ணாச்சியிடம் இடைவேளையில் போய், "அண்ணாச்சி, பாதி மனசிலாவல" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "மக்கா, லெச்சுமிக்கே மனசிலாவாமத்தானே கேக்கா" என்றார்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நூல் முழுக்கத் திருமால் இலட்சுமிக்குச் சொல்வதாகத்தான் அமைந்திருக்கிறது. அரிகோபாலன் சீடர் அதைக் கேட்டு எழுதுகிறவர். எட்டு யுகமும் ஒரு பெண்ணுக்குச் சொல்லும் பதிலாக வருகிறது. இதை முன்பே படித்திருந்தேன், வெறும் இலக்கிய உத்தி என்று தாண்டிப் போயிருந்தேன். விருத்தமும் நடையும் மாறி மாறி வருவது, சொன்னதையே திரும்பச் சொல்வது என்று அச்சில் அலுப்பாகத் தெரிந்ததெல்லாம், கேட்கிற ஒருத்தி எதிரே இருக்கிறாள் என்று வைத்துக்கொண்டு வாசித்தால் அலுக்கவில்லை. எல்லா இடத்திலும் என்று சொல்ல மாட்டேன். வரங்களின் பட்டியல் எனக்கு இன்னும் நீளம்தான்.

பதினேழு நாள் வாசிப்பில் போன தடவை நான் கேட்டது ஆறு நாள். வருகிற கார்த்திகையில் சாமித்தோப்பிலேயே முதல் நாளிலிருந்து போக வேண்டும். லீவு கிடைக்க வேண்டும்.