இறக்கிய காரும் குறுக்குக் கானும்

ஏப்ரல் சீசன் முடிந்து கொழும்புக் கார்கள் நுவரெலியாவை விட்டுப் போனதும் மலைநாட்டுக் கராஜ்களில் ஒரு வேலை கூடிவிடும். மகாகஸ்தோட்டையிலும் ரதல்லையிலும் மலையேற்றப் போட்டி பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் தங்கள் அல்டோவையோ மார்ச்சையோ விட்ஸையோ கொண்டுவந்து நிறுத்தி, ஒன்றரை அங்குலம் இறக்கித் தரச் சொல்வார்கள். இந்த மோகத்துக்கு இப்போது ஒரு நியாயமும் தயாராக இருக்கிறது. கம்பிச்சுருளைக் கட்டரால் வெட்டுவதுதான் பிழையாம். பெட்டியில் வருகிற பிராண்ட் ஸ்பிரிங் என்றால் பிழையில்லையாம். வளைவுக்கு வளைவு திரும்பும் நம் பாதைகளுக்கு அதுவே பொருத்தமாம்.

பாதி உண்மை. வெட்டிய ஸ்பிரிங் அபாயமானது என்பதில் இரண்டு கருத்தில்லை. சக்கரம் தொங்கும்போது அது இருக்கையை விட்டு நழுவும். ஐபாக், டெயின் போன்றவர்கள் செய்யும் ஸ்பிரிங்கின் உருக்கும் வேலைப்பாடும் நல்லவை. எடைமையம் இறங்கினால் வளைவில் எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்குச் சாய்வது குறையும். ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்குப் போகும் காபட் வீதியில், தனியாக ஓட்டுகிறவருக்கு அது கையிலேயே தெரியும். பார்க்கவும் அழகுதான். நானும் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் 'தனியாக' என்ற அந்த இடத்திலேயே வாதம் இடறுகிறது. தோட்டத்தில் எந்தக் கார் தனியாக ஓடுகிறது? ஆஸ்பத்திரிக்கு ஒருவரை ஏற்றினால் கூடவே மூன்று பேர் ஏறுவார்கள். தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வரும் காரில் ஐந்து பேரும், டிக்கி நிறையச் சாமானும், மடியில் ஒரு பிள்ளையும் இருக்கும். அல்டோவின் வெற்று எடை 700 கிலோவை ஒட்டியது. ஐந்து பேரும் சாமானும் 350 கிலோ என்றால், கார் தன் எடையில் பாதியை மேலும் சுமக்கிறது. 1,700 கிலோ பென்ஸுக்கு அதே சுமை ஐந்தில் ஒரு பங்குதான். இறக்கும் கலை ஓரளவு ஒத்துவருவது இரண்டாவது வகைக் கார்களுக்கு. நாம் அதை முதல் வகைக்குப் பூட்டுகிறோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பின்சக்கரம் ஒன்றின் ஸ்பிரிங் மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் இறுக்கம் என்றும், வெற்றுக் காரில் அந்தச் சக்கரம் மேலே எழும்ப 90 மி.மீ. இடம் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஆட்கள் ஏறி அந்தச் சக்கரத்தில் 100 கிலோ கூடினால் கார் ஏறக்குறைய 49 மி.மீ. அமரும். மிச்சம் 41. இப்போது 40 மி.மீ. இறக்கி, கால் பங்கு இறுக்கம் கூடிய ஸ்பிரிங் போடுங்கள். வெற்றுக் காரிலேயே 50 மி.மீ.தான் இருக்கும். அதே சுமையில் கார் 39 அமரும். மிச்சம் 11 மி.மீ. என் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. இறுக்கத்தைக் கூட்டி மீட்டது பத்து, இறக்கி இழந்தது நாற்பது. பிராண்ட் எதுவானாலும் இந்தக் கழித்தல் மாறாது. படிப்படியாக இறுகும் ஸ்பிரிங் என்று விற்பதும் இதைக் கொஞ்சம் மழுப்புகிறதே தவிர, இல்லாத இடத்தை உண்டாக்குவதில்லை.

அந்த 11 மி.மீ. தீர்ந்ததும் ஷொக்கின் தண்டிலுள்ள பம்ப் ஸ்டொப் ரப்பர்தான் ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. நேர்ப் பாதையில் அது 'டக்' என்ற ஒரு சத்தத்தோடு போய்விடும். வளைவின் நடுவில், சாய்ந்த பக்கத்துச் சக்கரம் ரப்பரில் முட்டினால் அந்த மூலையின் இறுக்கம் ஒரே நொடியில் பல மடங்காகி டயரின் பிடி விடுகிறது. எந்த வளைவுக்காக இறக்கினோமோ அந்த வளைவிலேயே, ரம்பொடை இறக்கத்தில், மழையில், குடும்பத்தோடு. வெற்றுக் காரில் ஓட்டிப் பார்த்து மெச்சுகிறவருக்கு இது ஒருபோதும் தெரியவராது.

சந்தேகப்படுகிறவர்கள் ஷொக்கின் பளபளப்பான தண்டில் ஒரு கேபிள் டையை இறுக்கமாகக் கட்டிவிட்டு, நான்கு பேரை ஏற்றி டயகம பக்கம் ஒரு தோட்டத்துப் பாதையில் போய்வரட்டும். மழைநீர் வடிய அந்தப் பாதைகளில் குறுக்குக் கான் வெட்டியிருப்பார்கள். கொன்கிரீட் கீலம் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் விளிம்பும் எழும்பியிருக்கும். திரும்பி வந்து குனிந்து பார்த்தால் கேபிள் டை ரப்பருக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும். ஒயில் சம்ப் தப்பியிருந்தால் அது அன்றைய நல்ல காலம்.

போட்டிக் கார்களைக் காட்டி என்னிடம் வாதாடுவார்கள். ஆனால் மகாகஸ்தோட்டை ஏற்றத்தில் ஒருவர் மட்டும் ஓட்டுகிறார். பாதை அடைக்கப்பட்டிருக்கிறது. ஸ்பிரிங்கோடு அதற்கேற்ற ஷொக்கும் மாற்றியிருக்கிறது. நம் சின்னக் கார்களின் முன்பக்கத்தில் இருப்பது மக்ஃபெர்சன் ஸ்ட்ரட். அதை இறக்கும்போது, கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி பொடியைவிட வேகமாகக் கீழே போகிறது. எடைமையத்துக்கும் அதற்கும் இடையிலுள்ள தூரம் நீள்வதால் சாயவைக்கும் விசையின் பலம் கூடுகிறது. புது ஸ்பிரிங்கின் கூடுதல் இறுக்கத்தில் ஒரு பங்கு இதைச் சமாளிக்கவே போய்விடும். போட்டிக்காரர்கள் சஸ்பென்ஷன் கைகளின் கோணத்தையும் மாற்றி இதைச் சரிசெய்வார்கள். பெட்டியில் நான்கு ஸ்பிரிங் மட்டுமே வருகின்றன.

பூட்டும் விதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, கைதேர்ந்த பாஸ்மார் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களிலும் சிலர் செய்யும் இரண்டு தவறுகளை மட்டும் சொல்கிறேன். காரை ஜெக்கில் தொங்கவிட்டபடியே கை புஷ்களின் போல்ட்டை இறுக்குகிறார்கள். சக்கரம் தரையில் நின்று எடை ஏறிய பிறகு இறுக்காவிட்டால் ரப்பர் முறுகியபடியே இருந்து கிழிந்துபோகும். முடிந்ததும் அலைன்மென்ட் பார்க்காமல் அனுப்புகிறார்கள். உயரம் மாறினால் சக்கரங்களின் டோ கோணம் மாறும், டயரின் உள்விளிம்பு தேயும். போதாததற்கு, தனியார் கார் இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதனால் இங்கே ஓடுபவற்றில் பல களைத்த ஷொக்கோடு ஓடும் கார்கள். களைத்த ஷொக்கில் இறுகிய ஸ்பிரிங் போட்டால் கார் துள்ளும். அதையே 'ஸ்போர்ட்டி' என்று சொல்லிக்கொள்கிறோம்.

2025 ஜனவரியில் பொலிஸார் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் மேலதிக அலங்காரங்களைக் கழற்ற வைத்தபோது பெரிய சத்தம் எழுந்தது. கண்ணுக்குத் தெரிகிற விளக்குக்கு அவ்வளவு கெடுபிடி. ஜெர்மனியில் இறக்கும் ஸ்பிரிங்கோடு, எந்தக் காருக்கு, எவ்வளவு அச்சுச் சுமை வரை என்று பரிசோதித்த பத்திரமும் வர வேண்டும். பஞ்சிகாவத்தையில் வாங்குகிறவர் கேட்பது எத்தனை அங்குலம் இறங்கும் என்பதையே. விற்பவரும் அதற்கு மட்டும்தான் பதில் வைத்திருக்கிறார். என் நீண்டகால ஆட்சேபம் இதுதான். ஸ்பிரிங் என்பது சுமை தாங்கும் பொருள். அதை உயரத்தைப் பார்த்து வாங்குகிறோம்.

வளைவில் கார் ஆடுகிறதென்றால் நல்ல ஷொக் நான்கு, புது புஷ், ஒழுங்கான டயர், கிடைத்தால் கொஞ்சம் தடித்த அன்டி ரோல் பார். இவற்றில் எதுவும் சக்கரம் எழும்பும் இடத்தில் கை வைப்பதில்லை. என்ன, வாசலில் நிறுத்தினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதையும் மீறி இறக்குகிறவர்கள் கழற்றிய ஸ்பிரிங்கைப் பழைய இரும்புக்குப் போடாமல் வைத்திருக்கட்டும். அந்தக் காரை அடுத்து வாங்கப்போகிறவர் பெரும்பாலும் பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ ஐந்து பேர் உள்ள வீட்டுக்காரராக இருப்பார். அவர் முதலில் தேடப்போவது அந்த நான்கு ஸ்பிரிங்கைத்தான்.